பெருக்கலைச் செய்வது யார்?

நம் சங்கக் குடும்பங்களில் கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகள் நிறைய. அவர்களுள் சி மொழி பயில்பவர்களுக்காக இந்தப் பாடத்தை எழுதுகிறேன். பெரியவர்களும் தொடர்ந்து படிக்கலாம். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

சி மொழியில் எழுதிய புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போது நினைவகத்தில் கூடுதல் இடம் தேவைப்பட்டால், 'மால்லாக்' என்னும் ஃபங்ஷனிடம் கேட்க வேண்டும். "இத்தனை பைட் வேண்டும்" என்று கேட்டால், அந்த இடம் தொடங்கும் முகவரியை அது தரும். இடம் இல்லையென்றால் 'நல்' எனப்படும் வெற்று முகவரியைத் தரும். அதைக் கவனியாமல் மேலே போவது, டிக்கெட் உறுதியாயிற்றா என்று பாராமல் பெட்டி படுக்கையுடன் ரயிலேறுவதைப் போன்றது.

ஒவ்வொரு முறையும் இப்படிச் சரிபார்ப்பது அலுப்பான வேலை. அதனால் அனுபவசாலிகள் ஒரு துணை ஃபங்ஷன் எழுதி வைத்துக்கொள்வார்கள். 'எக்ஸ்மால்லாக்' என்பது அதற்கு வழிவழியாக வந்த பெயர். அது மால்லாக்கை அழைக்கும். வெற்று முகவரி வந்தால், காரணத்தைச் சொல்லிவிட்டுப் புரோகிராமை அங்கேயே நிறுத்திவிடும். 'ஜிலிப்' லைப்ரரியில் உள்ள 'ஜி_மால்லாக்'கும் இப்படியே செய்கிறது.

நானும் அப்படி ஒன்றை எழுதி வைத்துக்கொண்டு, இனிக் கவலையில்லை என்றுதான் இருந்தேன். ஒரு நாள் நான் எழுதிய கணக்குப் புரோகிராம் தப்புத் தப்பான தொகைகளை அச்சடித்தது. நிற்கவும் இல்லை, குறை சொல்லவும் இல்லை. இரண்டு நாள் தேடிய பிறகு காரணம் அகப்பட்டது. அது படித்த கோப்பின் முதல் வரி சிதைந்திருந்தது. பதிவுகளின் எண்ணிக்கை இருக்க வேண்டிய இடத்தில் 107,37,41,825 என்று இருந்தது. ஒரு பதிவுக்கு 4 பைட். அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது? எக்ஸ்மால்லாக் மறுத்திருக்க வேண்டும் அல்லவா? மறுக்கவில்லை. ஏன்?

பழைய ஸ்கூட்டர்களின் கிலோமீட்டர் காட்டியை நினைத்துப் பாருங்கள். ஐந்து இலக்கம்தான். 99,999 ஆன பிறகு 1,00,000 காட்டாது. 00,000 என்று மறுபடி தொடங்கும். 32 பிட் எண்ணும் அப்படியே. 0 முதல் 429,49,67,295 வரைதான் அதில் அடங்கும். அடுத்தது மறுபடியும் 0. 107,37,41,825ஐ 4ஆல் பெருக்கினால் 429,49,67,300. வட்டம் ஒரு முறை சுற்றி வந்தபின் மிஞ்சுவது வெறும் 4.

ஆக, எக்ஸ்மால்லாக்கின் கைக்குப் போய்ச் சேர்ந்தது 4 என்ற எண்தான். 4 பைட் தாராளமாக இருந்தது, கொடுத்துவிட்டது. கோப்பில் உண்மையில் இருந்த 300 பதிவுகளும், அதாவது 1,200 பைட், அந்தச் சிறு இடத்தில் நுழைந்து, அக்கம்பக்கத்தில் இருந்த தொகைகளின் மேல் எழுதிவிட்டன. காவலாளி வாசலில் விழித்துக்கொண்டுதான் இருந்தான். தவறு வாசலுக்கு வருமுன்பே, நான் செய்த பெருக்கலில் நடந்துவிட்டது.

இது என்னைப் போன்றோர் மட்டும் செய்யும் பிழை அன்று. பாதுகாப்புக்கே பெயர் பெற்றது ஓபன்பிஎஸ்டி குழு. தொலைவிலுள்ள கம்ப்யூட்டருக்குள் பத்திரமாக நுழைய அவர்கள் எழுதியது 'ஓபன்எஸ்எஸ்எச்'. 2002 ஜூனில் அதில் இதே ஓட்டை தெரியவந்தது. மறுமுனையிலிருந்து வரும் விடைகளின் எண்ணிக்கையை ஒரு முகவரியின் அளவால் பெருக்கி, அந்தத் தொகையை எக்ஸ்மால்லாக்கிடம் கொடுத்திருந்தார்கள். எண்ணிக்கையைச் சொல்பவர் அயலார். அவர் வேண்டுமென்றே பெரிய எண்ணைச் சொன்னால், உள்ளே நுழைய வழி கிடைத்துவிடும். 3.4 பதிப்பில் அதைச் சரிசெய்தார்கள். ஐந்தாண்டுகளாக இத்தகைய ஓட்டை ஒன்றுகூட இல்லை என்று தங்கள் இணையப் பக்கத்தில் பெருமையாகப் போட்டிருந்த வாசகத்தையும் மாற்ற வேண்டியதாயிற்று.

அப்படியானால் மருந்து என்ன? என் பிழையைப் பார்த்த மூத்த சக ஊழியர் ஒருவர் ஒரே வரியில் சொன்னார்: "தம்பி, பெருக்கலை நீ செய்யாதே, இரண்டு எண்ணையும் அதன் கையில் கொடுத்துவிடு."

'கால்லாக்' எண்ணிக்கையையும் ஒன்றின் அளவையும் தனித்தனியே கேட்டு வாங்குகிறது. இடத்தைப் பூஜ்யத்தால் நிரப்பியும் தருகிறது. ஏற்கெனவே உள்ள இடத்தைப் பெரிதாக்க 'ரீஅல்லாக்அரே' இருக்கிறது. அது 2014இல் ஓபன்பிஎஸ்டி 5.6 பதிப்பில் வந்தது. 2017இல் லினக்ஸின் ஜிலிப்சி 2.26இலும் சேர்ந்தது, 2024இல் போசிக்ஸ் தரநிலையிலும் இடம்பெற்றது.

உள்ளே நடக்கும் சோதனை எளிது. பெருக்கிப் பார்த்தால்தானே வழிந்துவிடும்? எனவே வகுத்துப் பார்க்கிறார்கள். எண்ணிக்கை பூஜ்யமாக இல்லாதபோது, அடங்கக்கூடிய மிகப்பெரிய எண்ணை அதனால் வகுத்து, வரும் ஈவைவிட ஒன்றின் அளவு பெரிதாக இருந்தால் இடம் தர மறுக்கிறார்கள். ஒரு சிக்கனமும் உண்டு: 32 பிட்டில் இரண்டு எண்ணுமே 65,536க்குக் கீழே இருந்தால் பெருக்குத்தொகை எப்படியும் அடங்கிவிடும், வகுக்கவே வேண்டாம்.

இன்னும் இரண்டு குறிப்புகள். இடத்தைப் பெரிதாக்கும்போது, வரும் முகவரியைப் பழைய பாயிண்டரிலேயே நேராக வைக்காதீர்கள். வெற்று முகவரி வந்தால் பழைய முகவரி அழிந்துபோகும். அந்த இடமோ விடுவிக்கப்படாமல் கிடக்கும். முதலில் வேறொரு பாயிண்டரில் வாங்கிச் சரிபாருங்கள்.

அடுத்தது, இடம் இல்லையென்றால் புரோகிராமை நிறுத்துவது எப்போதும் சரியல்ல. பயனர் ஒரு பெரிய படத்தைத் திறக்கிறார், இடம் போதவில்லை. அதற்காக அவர் சேமிக்காமல் வைத்திருக்கும் வேலையெல்லாம் போக வேண்டுமா? அங்கே 'ஜி_டிரை_மால்லாக்' போல, நிறுத்தாமல் வெற்று முகவரி தரும் ஃபங்ஷனைப் பயன்படுத்திப் பயனருக்குச் செய்தி சொல்லுங்கள்.

முடிவாக ஒரு பயிற்சி. ஒரு படம் 65,536 புள்ளி அகலம், 16,384 புள்ளி உயரம். புள்ளிக்கு 4 பைட். 32 பிட் எண்ணில் பெருக்கினால் என்ன வரும்? தாளில் போட்டுப் பாருங்கள். பூஜ்யம் என்று வந்தால் உங்கள் கணக்கு சரி. இனி அந்தப் பெருக்கலை நீங்கள் செய்யாதீர்கள்.