கேன் தண்ணீரும் ஒரு சிட்டிகை உப்பும்

சோழவரம்

அன்புள்ள தம்பிக்கு,

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து எழுதிய உங்கள் கடிதம் கிடைத்தது. மூன்று பக்கமும் கணக்குதான். மெலிந்துகொண்டே போகும் பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட், மாதம் முடிவதற்குள் தீர்ந்துபோகும் ரீசார்ஜ், சிலிண்டர் போட வருகிறவர் தலையைச் சொறிந்துகொண்டு கேட்கும் ஐம்பது ரூபாய், தீபாவளிக்கு ஊருக்குப் போகையில் வழியில் பஸ் நின்ற மோட்டலில் இருபது ரூபாய் தண்ணீர் பாட்டிலுக்கு முப்பது கொடுத்தது. கடைசியில் ஒரு கேள்வி: "ஐயா, இதில் எது பெரிய கொள்ளை?"

உங்களுக்கு மட்டும் பதில் எழுதிப் போடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பட்டியலில் இருப்பதெல்லாம் என் வீட்டிலும் நடக்கிறதே என்று தோன்றியதால் பத்திரிகைக்கே அனுப்பிவிட்டேன். உங்கள் பெயரைப் போடவில்லை. கோபிக்க வேண்டாம்.

சில்லறை விஷயங்களை முதலில் தள்ளிவிடுகிறேன். பிஸ்கட் போன்ற பொருட்களைக் குறித்த எடைகளில்தான் பாக்கெட் போட வேண்டும் என்று ஒரு அட்டவணை முன்பு சட்டத்தில் இருந்தது. 2022-ல் அதை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக ஒரு கிராம் என்ன விலை என்று அச்சிடச் சொல்லியிருக்கிறார்கள். அச்சிடுகிறார்கள், எறும்பு படிக்கிற அளவில். ரீசார்ஜ் கணக்கு இன்னும் சுவையானது. 28-ஐ 13-ஆல் பெருக்கினால் 364. வருடத்துக்குப் பன்னிரண்டு மாதம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, செல்போன்காரர்கள் பதின்மூன்று மாதம் வைத்திருக்கிறார்கள். இதைப் பலர் புகார் செய்தபின், 30 நாள் திட்டம் ஒன்றாவது எல்லாக் கம்பெனியும் வைத்தே ஆக வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஆணையமான டிராய் 2022-ல் உத்தரவு போட்டது. அது இருக்கிறது, கேட்டால் கொடுப்பார்கள். சிலிண்டரைப் பொறுத்தவரை, வீட்டில் கொண்டுவந்து போடும் கூலியும் பில் தொகைக்குள்ளேயே அடக்கம். ஆனால் மூன்றாவது மாடிக்கு அதைத் தோளில் சுமந்து வருகிறவரின் சம்பளம் என்னவென்று எனக்குத் தெரியும், அதனால் நான் இருபது ரூபாய் கொடுக்கிறேன். அவரைத் திருடன் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. எடையை மட்டும் பார்த்து வாங்குங்கள். காலி சிலிண்டரின் எடை மேல் வளையத்திலேயே எழுதியிருக்கும். அதோடு 14.2 கிலோ சேர வேண்டும்.

இனி உங்கள் கேள்வி. கடிதத்தின் ஓரத்தில் மாதச் செலவு போட்டிருந்தீர்கள்: வாடகை, மெஸ், பஸ், ரீசார்ஜ், கேன் தண்ணீர். ரீசார்ஜைச் செலவிலும் எழுதி, கொள்ளையிலும் எழுதியிருக்கிறீர்கள். கேன் தண்ணீரைச் செலவில் எழுதியதோடு சரி, கொள்ளைப் பட்டியலில் அது இல்லவே இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன். அதனால் என் பதில் அதுதான்.

சோழவரம் என்றால் பழைய ஆட்களுக்குக் கார் ரேஸ் ஞாபகம் வரும். யுத்த காலத்து விமான ஓடுபாதையில் நடந்த பந்தயத்தைப் பார்க்க மெட்ராஸே திரண்டு வரும் என்பார்கள். ஆனால் அதற்கு எத்தனையோ வருடம் முன்பே இந்த ஊரை மெட்ராஸோடு கட்டிப்போட்டது ஏரி. ஃப்ரேசர் என்ற பொறியாளர் 1866-ல் வகுத்த திட்டப்படி, கொசஸ்தலையாற்றைத் தாமரைப்பாக்கத்தில் அணை கட்டி மறித்து, தண்ணீரைச் சோழவரம் ஏரிக்குத் திருப்பி, அங்கிருந்து புழலுக்கும், புழலிலிருந்து நகரத்துக்கும் கொண்டுபோனார்கள். 1872-ல் வேலை முடிந்தது. இன்றைக்கும் செய்தியில் வாசிக்கிறார்களே, சோழவரம் ஏரியின் கொள்ளளவு 1,081 மில்லியன் கன அடி என்று, அது இந்த ஏரிதான். மழைக்காலத்தில் கரையில் நின்றால் எதிர்க்கரை மங்கலாகத்தான் தெரியும். அந்தக் கரையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் என் வீடு. என் வீட்டில் குடிக்கிற தண்ணீர் குட்டி யானையில் வருகிறது, கேனில்.

ஏரி நகரத்துக்கு, எங்களுக்குப் பஞ்சாயத்து போர்வெல். அந்த நிலத்தடி நீரையும் சும்மா விடவில்லை. 1960-களின் கடைசியில் ஐ.நா. உதவியோடு ஆய்வு செய்து, தாமரைப்பாக்கம், பஞ்செட்டி, மீஞ்சூர் என்று வரிசையாகக் கிணறுகள் போட்டு நகரத்துக்கு உறிஞ்சினார்கள். உறிஞ்ச உறிஞ்ச மீஞ்சூர்ப் பக்கம் கடல் உள்ளே வந்துவிட்டது. நல்ல தண்ணீர் கிணறு என்று பெயர் வாங்கியவை உப்புக் கிணறாயின. பிறகு தனியார் லாரிகள் வந்தன, அதன் பின்னால் வாட்டர் கம்பெனிகள் வந்தன. பூமிக்கடியிலிருந்து எடுத்து, மணலிலும் கரியிலும் வடித்து, ஆர்.ஓ. சவ்வில் தள்ளி, புற ஊதா வெளிச்சம் காட்டி, கேனில் நிரப்பி, கழுத்தில் பிளாஸ்டிக் உறை சுற்றினால் தண்ணீருக்கு விலை வந்துவிடுகிறது.

எங்கள் தெருவில் ஒரு கேன் 35 ரூபாய். இரண்டு நாளைக்கு ஒரு கேன் என்று வைத்தால் மாதம் 525, வருடம் 6,300. உங்கள் அறையில் நான்கு பேர், வெயில் காலத்தில் தினம் ஒரு கேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு கணக்கை வைக்கிறேன். மீஞ்சூரைத் தாண்டி காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இருக்கிறது, தினம் 10 கோடி லிட்டர், 2010-ல் திறந்தது. சென்னைக் குடிநீர் வாரியம் அந்தத் தண்ணீரை வாங்க ஒப்பந்தம் போட்டபோது பேசிய விலை ஆயிரம் லிட்டருக்கு 48 ரூபாய் 66 காசு. கடலையே வடிகட்டி லிட்டர் ஐந்து காசுக்குக் கொடுக்கச் சம்மதித்தார்கள். கேன் தண்ணீர் லிட்டர் ஒன்றே முக்கால் ரூபாய், பெட்டிக்கடை பாட்டில் 20 ரூபாய். ஐந்து காசு என்பது பழைய விலை, மொத்த விலை, குழாயில் வருவது. கேன் விலையில் கழுவும் ஆள், டீசல், மாடி ஏறும் கால் எல்லாம் சேர்கின்றன. எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தாலும் ஐந்து காசுக்கும் நூற்றெழுபத்தைந்து காசுக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தை என்னால் நிரப்ப முடியவில்லை.

இந்த வியாபாரத்தின் பலம் எனக்குத் தெரிந்தது 2020 பிப்ரவரி, மார்ச்சில். அனுமதி இல்லாமல் நிலத்தடி நீர் எடுக்கும் ஆலைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. உடனே கேன் ஆலைகள் வேலைநிறுத்தம். எங்கள் தெருவில் இருக்கிற இரண்டு கேனை மறைத்து வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டாரிடம் இல்லை என்று சொன்னவர்கள் உண்டு. சொன்னவர்களில் நானும் ஒருவன். சட்டம் கேட்டது சரியான கேள்வி, ஆனால் ஆலையை மூடினால் மறுநாள் எங்கள் குழாயில் என்ன வரும் என்பதற்கு ஒருவரிடமும் பதில் இல்லை.

வரியைக் குறைத்தால் விலை குறையும் என்பார்கள். 20 லிட்டர் கேனுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பரில் 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. அதே நாளில் ரயில் நீர் பாட்டில் 15-லிருந்து 14 ரூபாயாக இறங்கியது. என் கேன்காரரிடம் கேட்டேன். "ஜிஎஸ்டியா? அதெல்லாம் யாரு கட்டுறா சார்" என்றார், வெள்ளந்தியாக. அவர் பொய் சொல்லவில்லை.

உங்கள் கும்மிடிப்பூண்டிக்கு இதில் ஒரு பெருமை உண்டு, நீங்கள் புதிதாக வந்தவர், தெரிந்திருக்காது. 2013 செப்டம்பர் 15-ல் தொடங்கிய அம்மா குடிநீர் அங்கேதான் பாட்டிலில் அடைக்கப்பட்டது. பஸ் ஸ்டாண்டில் ஒரு லிட்டர் 10 ரூபாய். வெளியே அதே லிட்டர் 20. பாட்டிலில் யார் படம் இருந்தது என்பதெல்லாம் அரசியல், அதற்குள் நான் போகவில்லை. பாதி விலைக்கு ஒரு பாட்டில் பக்கத்தில் இருந்தவரை, பஸ் ஸ்டாண்டு கடைக்காரர் இருபது ரூபாய் பாட்டிலுக்கு இருபத்தைந்து கேட்கத் தயங்கினார். இப்போது அந்தப் பாட்டிலை எங்கும் காணோம். பழையபடி "கூலிங் சார்ஜ்" என்று இரண்டு ரூபாய் சேர்த்துக் கேட்கிறார்கள். அட்டையில் போட்டிருக்கும் விலைக்குள் எல்லா வரியும் எல்லா லாபமும் அடக்கம், ஃபிரிட்ஜ் கரண்டும்தான். அப்படி ஒரு சார்ஜ் எந்தச் சட்டத்திலும் கிடையாது.

இனி என் வெட்கக் கதை. பள்ளிக்கூடத்தில் 31 வருடம் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். சில வருடம் முன்பு டை கட்டிய ஒரு பையன் வந்தான். தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்கிறவன். கம்பெனி பெயர் வேண்டாம். இரண்டு கண்ணாடி டம்ளர் கேட்டான். ஒன்றில் எங்கள் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவன் கொண்டுவந்த மெஷின் தண்ணீர். உலோகக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு சின்னப் பெட்டியை எடுத்து, கம்பிகளை இரண்டிலும் நனைய வைத்து சுவிட்சைப் போட்டான். இரண்டு நிமிடத்தில் எங்கள் தண்ணீர் மஞ்சளாகி, பச்சையாகி, அப்புறம் சாக்கடைபோல் திரிந்து மிதந்தது. அவன் டம்ளர் பளிங்கு. "இதைத்தான் சார் உங்க பேரன் குடிக்கிறான்" என்றான். என் மனைவி என்னைப் பார்த்தாள். 16,500 ரூபாய்க்குக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த வருடத்திலிருந்து ஃபில்டர் மாற்ற, மெம்பிரேன் மாற்ற, வருடப் பராமரிப்பு என்று தனிக் கப்பம்.

அன்றைக்கு ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. பெட்டியில் இருந்தது இரும்புக் கம்பி. உப்புகள் கரைந்த தண்ணீரில் மின்சாரம் ஓடும், ஓடினால் இரும்பு கரைந்து ஹைட்ராக்சைடாகத் திரியும். டம்ளரில் மிதந்த அழுக்கு என் தண்ணீரில் இருந்ததல்ல, அவன் கம்பி கரைந்தது. அவன் டம்ளரில் உப்பு மிகக் குறைவு, மின்சாரம் சரியாகப் பாயாது, அதனால் தெளிவாக நின்றது. அந்தப் பளிங்குத் தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டிருந்தால் அதுவும் சாக்கடை ஆகியிருக்கும். இதை நான் கரும்பலகையில் படம் போட்டு நடத்தியிருக்கிறேன், தம்பி. பத்தாம் வகுப்புப் பாடம்.

யாரிடமும் சொல்லவில்லை. வாத்தியாரே ஏமாந்தார் என்று ஊர் சிரிக்குமே. இரண்டு வருடம் கழித்து வேறொரு பையன் அதே பெட்டியோடு வந்தான். உள்ளே போய் உப்பு ஜாடியை எடுத்து வந்து, "இதையும் கொஞ்சம் உன் டம்ளரில் போடேன்" என்றேன். "உப்பு போட்டா மெஷின் கெட்டுடும் சார்" என்று ஒயரைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான்.

மெஷினே வீண் என்று எழுத மாட்டேன். எங்கள் போர் தண்ணீர் உப்புதான். ஒழுங்காகச் சோதித்து எண்ணைச் சொல்லியிருந்தால் நானே வாங்கியிருப்பேன். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் உப்பு இருக்கும் தண்ணீருக்கு ஆர்.ஓ. வேண்டாம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-ல் சொன்னது. ஒரு பங்கு நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று பங்கு சாக்கடைக்குப் போகிற யந்திரம் அது. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் கட்டினால் தண்ணீரைச் சோதித்துத் தாளில் எழுதித் தருவார்கள். உங்கள் நான்கு பேரில் ஒருவர் ஒரு பாட்டில் எடுத்துக்கொண்டு போங்கள். கேன் வேண்டுமா, காய்ச்சிக் குடித்தால் போதுமா என்பது அந்தத் தாளைப் பார்த்தால் தெரியும்.

மோட்டல் விஷயம் பாக்கி. ஹோட்டலில் உட்காரவைத்துப் பரிமாறினால் பாட்டில் தண்ணீருக்கு அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. மேஜை, விளக்கு, பணியாள் எல்லாவற்றுக்கும் சேர்த்து என்பது வாதம். நீங்கள் கடை வாசலில் நின்று வாங்கி, டிரைவர் ஹாரன் அடிக்க ஓடிப்போய் பஸ்ஸில் ஏறியிருக்கிறீர்கள். அந்தத் தீர்ப்பு இதற்குக் குடை பிடிக்காது என்பது என் எண்ணம். நம் மாநிலத்தில் எடையளவுச் சட்டத்தைப் பார்ப்பது தொழிலாளர் துறை, புகார் அங்கே போக வேண்டும். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது, தமிழிலும் பேசலாம். நஷ்ட ஈடு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், ஐந்து லட்சத்துக்குள் வாங்கிய பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது.

பத்து ரூபாய்க்குப் போய் இவ்வளவா என்று உங்கள் அறைத் தோழர் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். 2019-ல் சண்டிகரில் பாட்டா கடையில் காலணி வாங்கிய ஒருவர், காகிதப் பைக்குப் போட்ட மூன்று ரூபாயை எதிர்த்து ஆணையத்துக்குப் போனார். கடைக்கு மொத்தம் 9,000 ரூபாய் கட்டச் சொல்லி உத்தரவு வந்தது. தோழரிடம் சொல்லுங்கள்.

மோட்டல் பில் இருக்கிறதா? தராமல் விட்டிருந்தால் அடுத்த முறை கேட்டு வாங்குங்கள், பாட்டில் அட்டையையும் கிழிக்காமல் வையுங்கள். இரண்டையும் எனக்கு அனுப்பினால் மனுவை நான் எழுதித் தருகிறேன். திருவள்ளூருக்கு நீங்கள்தான் போக வேண்டும், எனக்கு முழங்கால் வலி.

அன்புடன்,
ஏரிக்கரை வாத்தியார்