படிவத்தில் காலியாக இருக்கும் கட்டம்

தில்லியில் டிசம்பர் பிறந்தால் நம் தமிழ்ச் சபைகளுக்குக் கம்பளி நினைவு வந்துவிடும். வாலிபர் ஐக்கியம் பணம் திரட்டும். ராத்திரி வேன் பிடித்துக் காஷ்மீரி கேட், யமுனா பஜார் பக்கம் போய்ப் போர்த்திவிட்டு வருவோம். தப்பே இல்லை, அந்தக் குளிர் அப்படி. ஆனால் அங்கே படுத்திருக்கும் இருபது வயதுப் பையன் ஹோமில், அதாவது குழந்தைகள் இல்லத்தில், வளர்ந்தவன் என்றால், அவனுக்கு நம்மை ஏற்கெனவே தெரியும். ஞாயிற்றுக்கிழமை கேக்கோடு வந்தவர்கள், வரிசையில் நிறுத்திப் பாடச் சொன்னவர்கள், போட்டோ எடுத்துக்கொண்டு போனவர்கள். நம்மைப் பார்த்ததும் அவன் கைகூப்பிச் சிரிப்பான். அது விருந்தாளிக்கென்று பழகிய சிரிப்பு. அதை அவன் நம்மிடம் காட்டிக்கொண்டிருக்கும்வரை நம் ஊழியம் இன்னும் தொடங்கவில்லை.

ஆகவே முதல் வேலை, எண்ணிக்கையைக் குறைப்பது. ஒரு சபைக்கு முதல் ஆண்டில் ஒருவர், மிஞ்சினால் இருவர். அந்த ஒருவருக்கு இரண்டு குடும்பங்கள். வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம், ஒரே டீக்கடை. கையில் துண்டுப்பிரதி வேண்டாம், கேமரா வேண்டவே வேண்டாம். ஆறு மாதம் இப்படிப் போய்வர மனமில்லாதவர்கள் கம்பளியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. வந்து வந்து மறைந்துபோகும் பெரியவர்களை அந்தப் பிள்ளைகள் போதுமான அளவு பார்த்துவிட்டார்கள்.

ஆளை எங்கே தேடுவது? ஹோமில் வளர்ந்து வெளியே வந்தவர்களில் பலர் நடைபாதையில் கண்ணில் படமாட்டார்கள். கல்யாண சீசனில் கேட்டரிங் வேலைக்குப் போய்ப் பந்தலிலேயே படுப்பார்கள். வேலை செய்யும் கடையின் ஷட்டருக்குள் தூங்குவார்கள். வேலை போனால் அன்றே படுக்கையும் போகும். தில்லி நகர்ப்புறக் காப்பிட மேம்பாட்டு வாரியத்தின் இரவுக் காப்பகங்களில், அங்கே சொல்கிறபடி ‘ரைன் பசேரா’க்களில், பொறுப்பாளரிடம் பேசினால் ஹோமில் வளர்ந்தவர் யார் என்று தெரியவரும். அதைவிட நேரான வழி, இந்த வேலையை முன்பிருந்தே செய்பவர்களிடம் போவது. 1988-இல் தொடங்கிய சலாம் பாலக் டிரஸ்ட், 1994 முதல் இயங்கும் உதயன் கேர், பாலம் பகுதியிலுள்ள டான் பாஸ்கோ ஆஷாலயம், தில்லி கத்தோலிக்க உயர்மறைமாவட்டத்தின் சமூகப் பணி அமைப்பான சேதனாலயா ஆகியவற்றில் ஒன்றிடம் “18 முடிந்து வெளியே போகிற பிள்ளைக்கு நாங்கள் துணை நிற்கலாமா?” என்று கேளுங்கள். தெருவுக்கு வந்தபின் தூக்கிவிடுவதைவிட ஹோம் வாசலிலேயே கைபிடிப்பது எவ்வளவோ சுலபம்.

பதினெட்டுக்குக் கீழே என்று தெரிந்தால் விஷயமே வேறு. தனியாக இருக்கும் சிறுவனைக் கண்டவர் 24 மணி நேரத்துக்குள் 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்கோ, போலீசுக்கோ, குழந்தைகள் நலக் குழுவுக்கோ தெரிவிக்க வேண்டும் என்கிறது 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம். இரக்கப்பட்டு வீட்டில் வைத்துக்கொள்வது, சபைக் கட்டடத்தில் நாலு பேரைத் தங்கவைப்பது எல்லாம் கூடாது. பதிவில்லாத இல்லம் நடத்தினால் ஓராண்டு வரை சிறை உண்டு. தமிழ்நாட்டு அனாதை இல்லங்களில் பிள்ளைகள் சுரண்டப்பட்டது தொடர்பான வழக்கில்தான் 2017-இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் இல்லங்களின் பதிவை முடிக்க உத்தரவிட்டது. அந்த வரலாறு நம் ஊரிலிருந்து வந்தது, நாம் மறக்கலாகாது.

இனிக் காகிதம். இங்கேதான் நிதானம் வேண்டும். ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் ஆகிய நான்கும் பையனிடம் இருக்கிறதா, ஹோம் அலமாரியில் தங்கிவிட்டதா என்று பாருங்கள். ஆதாரில் பழைய ஹோம் முகவரிதான் இருக்கும். அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளர் தரும் சான்றிதழை முகவரிக்கு ஆதாரமாக ஏற்றுக்கொள்கிறார்கள். வாக்காளர் அட்டைக்குப் படிவம் 6 போதும். வீடில்லாதவர் என்றால் வாக்குச்சாவடி நிலை அலுவலர் ராத்திரியில் வந்து, அவர் சொன்ன இடத்தில்தான் தூங்குகிறாரா என்று பார்த்து உறுதிசெய்வார். தனியாக முகவரிச் சான்று கேட்கமாட்டார். நடைபாதையையும் முகவரியாக ஏற்கும் விதி நம் நாட்டில் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

பணம் கேட்கவும் உரிமை உண்டு. சிறார் நீதிச் சட்டத்தின் 46-ஆம் பிரிவு, இல்லத்தை விட்டு வெளியேறுபவருக்கு நிதியுதவி தரலாம் என்கிறது. 21 வயது வரை இந்தப் ‘பின்பராமரிப்பு’ உண்டு, விசேஷக் காரணம் இருந்தால் 23 வரை நீட்டலாம். மிஷன் வாத்சல்யா திட்டத்தில் அது மாதம் 4,000 ரூபாய். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு கொடுத்து, குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவைப் பெற வேண்டும். பையன் தனியே போனால் ‘நாளை வா’ என்பார்கள். நம் சபைகளில் மத்திய அரசு அலுவலகத்தில் கோப்பு நகர்த்தியே நரைத்தவர்கள் எத்தனை பேர்! மனுவுக்கு நகல் எடுத்து, முத்திரை வாங்கி, தேதி குறித்து, மூன்றாம் முறையும் கூடப் போகத் தெரிந்த அந்த மாமாக்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஊழியம் கிடையாது.

அடுத்தது அறை. வீட்டுக்காரர் “அப்பா பெயர் என்ன, சொந்த ஊர் எது” என்பார். போலீஸ் வாடகைதாரர் சரிபார்ப்புப் படிவமும் வரும். தெரிந்தவர் என்று நீங்கள் கையெழுத்துப் போடுங்கள், முன்பணத்தைக் கடனாகக் கொடுங்கள். இனாம் என்றால் மறுபடியும் ஹோம் பிள்ளை ஆகிவிடுவான். பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனை முகர்ந்து பழகியவன் என்றால் ஜெபம் மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். தில்ஷாத் கார்டன் இஹ்பாஸ் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். பெண் பிள்ளைகள் விஷயத்தில் முழுக்கப் பெண்களே முன்னால் நிற்க வேண்டும். யாரைச் சந்தித்தாலும் இரண்டு பேராகப் போவது, தனி அறையில் பேசாமல் இருப்பது என்று முதலிலேயே எழுதிவையுங்கள்.

சரி, சுவிசேஷம் எப்போது? அவன் கேட்கும்போது. ஞாயிற்றுக்கிழமை வந்தால்தான் உதவி என்ற வாசனைகூட வரக்கூடாது. உத்தரப் பிரதேசத்திலும் ஹரியாணாவிலும் ஆசை காட்டி மதம் மாற்றுவது தண்டனைக்குரிய குற்றம், அதுவும் நொய்டாவும் குருகிராமும் மெட்ரோ தூரம்தான். ஆனால் சட்டத்துக்குப் பயந்து இதைச் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கு முன் பாட்டுப் பாடியே வளர்ந்தவனிடம் இன்னொரு பாட்டுக்கு விலை பேசுவது அசிங்கம். கிறிஸ்துமஸ் அன்று அவனுக்குப் போக இடமிருக்காது. பிரியாணிக்கு வீட்டுக்குக் கூப்பிடுங்கள், மேடையில் சாட்சி சொல்லக் கூப்பிடாதீர்கள். “அனாதை” என்று வாயில் வந்துவிடாமல் வீட்டுப் பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

நடுவில் போனை அணைத்துவிட்டு மூன்று மாதம் காணாமல் போவான். போனவன் திரும்பி வந்தால் கணக்குக் கேட்காதீர்கள். டீக்கடை நாள் மாறவில்லை என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்தால் போதும்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. வேலைக்கு, ஆஸ்பத்திரிக்கு, வங்கிக்கு என்று எந்தப் படிவத்தை நிரப்பினாலும் ‘அவசரத் தொடர்பு’ என்று ஒரு கட்டம் வரும். அவன் அதைக் காலியாக விடுவான், அல்லது முதலாளி எண்ணை எழுதுவான். அங்கே உங்கள் இரண்டு குடும்பங்களின் எண்களையும் எழுதவையுங்கள். தில்லித் தமிழருக்கு மாற்றல் எப்போது வேண்டுமானாலும் வரும். ஆர்டர் கைக்கு வந்ததும் போதகருக்குச் சொல்வதற்கு முன் அவனுக்குச் சொல்லுங்கள். போகும் முன் மூன்றாவது குடும்பத்தை அந்த டீக்கடைக்கு நான்கு வாரமாவது கூட்டிவாருங்கள்.