பருத்திக் குண்டிகை

நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் நம் சமயச் சான்றோர் என்பதை நம் இல்லங்களில் பெருமையுடன் சொல்லிக்கொள்கிறோம். அந்நூலின் பொதுப்பாயிரத்தில், ஆசிரியர் ஆகத் தகாதவருக்கு அவர் கூறும் உவமைகளுள் ஒன்று பருத்திக் குண்டிகை. குறுகிய வாயுடைய குடுக்கைக்குள் பஞ்சைச் சிறிது சிறிதாகத்தான் திணிக்க முடியும். எடுக்கும்போதும் சிறிது சிறிதாகவே வரும். ஆசிரியப் பயிற்சி மாணவியர்க்கு இவ்வுவமையைப் பல ஆண்டுகள் விளக்கியிருக்கிறேன். விளக்கிய நானே வீட்டில் என் மகளை அத்தகைய குண்டிகை ஆக்கினேன்.

1986ஆம் ஆண்டில் அவளுக்கு ஒன்பது வயது. இந்தி, கணக்கு, வயலின் என மூன்று வகுப்புகளில் சேர்த்தேன். வயலின் அவள் கேட்டதன்று. சிறுவயதில் எனக்குக் கிட்டாதது. பொழுது சாயுமுன் உண்ணும் வழக்கமுள்ள எங்கள் வீட்டில், மற்றவர் அமர்ந்து உண்ண, அவள் மட்டும் நாலரை மணிக்கே நின்றபடி இரண்டு வாய் விழுங்கிவிட்டு ஓடுவாள். திரும்பும்போது ஏழரை மணி. பரிசுகள் வந்தன, நானும் மகிழ்ந்தேன். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த அன்று வயலினைப் பெட்டியில் வைத்து மூடினாள். அதன்பின் தொடவேயில்லை. வானொலியில் கச்சேரி தொடங்கினால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவாள். ஆறாண்டுப் பயிற்சி அவளுக்கு இசையைக் கேட்கும் இன்பத்தையும் இல்லாமற் செய்துவிட்டது.

துணை நிற்பதும் தள்ளுவதும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அதே கட்டணம், அதே பேருந்து, அதே காத்திருப்பு. வேற்றுமை அறிய ஒரு வழி உண்டு. காய்ச்சலால் ஒரு வார வகுப்புத் தவறினால் வருந்துவது யார், குழந்தையா, தாயா? எங்கள் வீட்டில் வருந்தியவள் நான்.

பரிசைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்னும் அமெரிக்க உளவியலார் ஓர் ஆய்வை வெளியிட்டனர். படம் வரைவதில் இயல்பாகவே விருப்பமுள்ள மழலையருள் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள், அவ்வாறே தந்தார்கள். ஓரிரு வாரங்கள் கழித்து, விரும்பியதைச் செய்யலாம் என்று விட்டபோது, அக்குழந்தைகள் மற்றவரைவிட ஏறத்தாழப் பாதி நேரமே வரைந்தனர். சொல்லாமல் திடீரெனப் பரிசு பெற்றவர்களிடம் இக்குறைவு காணப்படவில்லை. ஆகவே பாராட்டுவதில் தவறில்லை. பேரம் பேசுவதில்தான் தவறு.

இதனால் எல்லாவற்றையும் குழந்தையின் விருப்பத்துக்கே விட்டுவிடலாம் என்று கருத வேண்டா. எந்தக் கலையும் மூன்றாவது மாதத்தில் சலிக்கும். புதுமை போய்விடும், கையோ இன்னும் படிந்திராது. அவ்வேளையில் சிறிது வற்புறுத்தல் தேவையே. "இந்தப் பருவம் முடியும் வரை தொடர்வாய், பிறகு பேசுவோம்" என்று சொல்லி, பருவம் முடிந்ததும் உண்மையாகவே பேச வேண்டும். பலர் பேசுவதில்லை. நானும் பேசவில்லை.

கற்பிப்பவர் விரையாமல், வெகுளாமல், முகமலர்ச்சியுடன், பெறுபவர் பெறும் வகையை அறிந்து கொடுக்க வேண்டும் என்பதும் நன்னூல் கருத்தே. வயலின் பயிற்சியின்போது அருகில் அமர்ந்திருந்த நான் விரைந்தேன், வெகுண்டேன். என் முகம் எப்படி இருந்தது என்பதை என் மகள்தான் சொல்ல வேண்டும்.

அவளுடைய மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. ஓவியம், சதுரங்கம், இந்தி, நீச்சல் என வாரம் முழுதும் வகுப்புகள். "எதை நிறுத்தலாம், அம்மா?" என்று சென்ற கோடை விடுமுறையில் என் மகள் கேட்டாள். அவளிடமே கேள் என்றேன். பேத்தி நெடுநேரம் எண்ணிப் பார்த்தாள். எதையும் நிறுத்த வேண்டாம், சனிக்கிழமை மட்டும் ஒன்றும் இல்லாமல் இருக்கட்டும் என்றாள். இந்தி வகுப்பை வியாழனுக்கு மாற்றினார்கள்.