கோட்டுக்கு உள்ளேயா, வெளியேயா? பள்ளி முடிந்த பிறகு டென்னிஸ்



நம்மில் பல பேர் யூனிவர்சிட்டி படிப்போடு தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷனும் எடுக்கிறோம். அந்தப் பிள்ளைகளோட வாரம் நமக்கு நல்லாவே தெரியும். ஒரு நாள் கணக்கு, ஒரு நாள் அறிவியல், சனிக்கிழமை தமிழ். எப்போ, எங்கே, என்ன செய்யணும் என்று எல்லாமே பெரியவங்க முடிவு. இதுக்கு நடுவில் டென்னிஸுக்கு ஏன் நேரம் ஒதுக்கணும்? மூன்று காரணங்களைப் பார்ப்போம். மூன்றாவதுதான் முக்கியம்.

1. உடம்பு

5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிஷமாவது நல்லா மூச்சு வாங்குற அளவுக்கு உடலை அசைக்கணும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். டென்னிஸில் ஓடுறது, சட்டுன்னு நிக்கிறது, திரும்புறது, எட்டி அடிக்கிறது எல்லாம் மாறி மாறி வரும். கால், இடுப்பு, தோள் என எல்லாத்துக்கும் வேலை உண்டு.

கோபன்ஹேகன் நகரில் சுமார் 8,500 பெரியவர்களை 25 வருஷம் வரை கவனித்த ஓர் ஆய்வு 2018-ல் வெளிவந்தது. உடற்பயிற்சியே இல்லாதவர்களைவிட, டென்னிஸ் ஆடியவர்களின் ஆயுள் 9.7 வருஷம் கூடுதலாக இருந்தது. மெதுவோட்டம் ஓடியவர்களுக்கு அது 3.2 வருஷம். டென்னிஸ்தான் காரணம் என்று இது நிரூபிக்கவில்லை. வசதியும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனா டென்னிஸ் ஆட எதிரே ஒரு ஆள் வேணும். அந்த நட்பும் பழக்கமும் உதவியிருக்கலாம் என்று ஆய்வாளர்களே சொன்னாங்க.

2. கண்

சிங்கப்பூர்ப் பிள்ளைகளிடம் கிட்டப்பார்வை ரொம்ப அதிகம். வகுப்பில் எத்தனை பேர் கண்ணாடி போட்டிருக்காங்கன்னு எண்ணிப் பாருங்க. வெளியே பகல் வெளிச்சத்தில் அதிக நேரம் இருக்கிற பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறையுது. அந்த வெளிச்சம் விழித்திரையில் டோபமின் சுரக்க வைக்குது, அது கண்விழி நீளமாகிறதைத் தடுக்குது என்பதுதான் ஆய்வாளர்கள் தரும் விளக்கம். இந்த நன்மை திறந்தவெளியில் ஆடுற எந்த விளையாட்டிலும் கிடைக்கும். மாலை 5 மணிக்கு மேல் போனா வெயிலும் தணிஞ்சிருக்கும். இடி மின்னல் எச்சரிக்கை வந்தா உடனே கோர்ட்டை விட்டு வெளியே வந்துடணும்.

3. மனசு

டிவியில் பார்க்கிற பெரிய ஆட்டங்களில் நடுவர் இருப்பார், கேமரா இருக்கும். பிள்ளைகள் ஆடுற ஆட்டங்கள் பலவற்றில் நடுவரே கிடையாது. பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்பதை, அது யார் பக்கம் விழுந்ததோ அவங்கதான் சொல்லணும். சந்தேகம் இருந்தா எதிராளிக்குச் சாதகமாகத்தான் சொல்லணும். இது பண்புக்காகச் செய்யுற சலுகை இல்லை, விதியே அதுதான்.

யோசிச்சுப் பாருங்க. பத்து வயசுப் பிள்ளை, ஆட்டம் கைவிட்டுப் போற நேரம், பந்து கோட்டோரத்தைத் தொட்டுடுச்சு. பார்த்தது அவள் மட்டும்தான். "அவுட்" என்று ஒரு சொல் சொன்னா புள்ளி அவளுக்கு. சொல்லாம இருக்க அவளே முடிவெடுக்கணும். இந்தப் பயிற்சியை எந்த டியூஷன் வகுப்பிலும் நம்மால் கொடுக்க முடியாது.

தோல்வியும் அப்படித்தான். ஒரு புள்ளிக்கும் அடுத்ததுக்கும் இடையே 25 விநாடிதான். அதுக்குள்ள முந்தின தப்பை மறந்துட்டு நிக்கணும். கடிகாரம் பார்த்து ஆட்டம் முடியாது. கடைசிப் புள்ளி வரை மீண்டு வர வழி இருக்கு.

அதனால் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வேலிக்கு வெளியே உட்கார்ந்து "அவுட், அவுட்" என்று கத்தினா, பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய இந்த நன்மையை நீங்களே பறிக்கிறீங்க. உயர்நிலைப் பள்ளியில் நேரடிச் சேர்க்கை கிடைக்கும் என்பதற்காக மட்டும் சேர்த்தாலும் அதே கதைதான்.

நமக்குப் புதுசா?

இல்லவே இல்லை. தென்காசியில் தந்தையிடம் பயிற்சி பெற்ற ராமநாதன் கிருஷ்ணன் 1954-ல் விம்பிள்டன் இளையர் பட்டம் வென்றார். 1960, 1961 இரண்டு வருஷமும் அங்கே அரையிறுதி வரை போனார். அவர் மகன் ரமேஷ் 1979-ல் அதே இளையர் பட்டத்தை வென்றார். சென்னையின் விஜய் அமிர்தராஜ் சின்ன வயசில் அடிக்கடி நோயில் படுத்தவர். 1973-ல் விம்பிள்டன், அமெரிக்க ஓப்பன் இரண்டிலும் காலிறுதி வரை வந்தார். நம்ம சிங்கப்பூர் உள்ளரங்கிலேயே 2014-லும் 2015-லும் மகளிர் ஆண்டிறுதிப் போட்டியின் இரட்டையர் பட்டத்தைச் சானியா மிர்சா தன் ஜோடிகளோடு வென்றிருக்கிறார்.

எப்படி ஆரம்பிக்கலாம்?

• தொடக்கத்தில் சிவப்புப் பந்து. சாதாரணப் பந்தைவிட 75% மெதுவாக வரும். கோர்ட்டும் ஏறக்குறைய பாதி நீளம் போதும். பிறகு ஆரஞ்சு, பச்சை. 2012 முதல் 10 வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் சாதாரண மஞ்சள் பந்துக்கு அனுமதியே இல்லை.
• தனிப் பயிற்சிக்குச் செலவு அதிகம். இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து குழுவாகப் போகலாம். தேக்கா பக்கம் இருக்கிறவங்களுக்குக் காலாங் தூரமில்லை. பொதுக் கோர்ட்டுகளை ஆக்டிவ்எஸ்ஜி வழியாகப் பதிவு செய்யலாம்.
• மட்டை புதுசாகவே வேணும்னு இல்லை. பிள்ளையின் உயரத்துக்குச் சரியா இருந்தா போதும்.
• வாரம் இரண்டு நாள் போதும். வேணும்னா ஒரு டியூஷன் நாளைக் குறைக்கலாம். டியூஷன் எடுக்கிற நானே சொல்றேன்!

கலந்துரையாட:

1. யாரும் பார்க்காதபோது நீங்க நியாயமாகச் சொன்ன "கோடு" எது?
2. உங்க தம்பி தங்கை இந்த வாரம் தாங்களாகவே எடுத்த முடிவுகள் எத்தனை?