தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்? மலையக இளைஞருக்கு ஒரு தொழில் வழி

கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி லயங்களை மண் மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தை மறுபடியும் உலுக்கியது. இப்படி ஒவ்வொரு முறையும் எழும் கேள்வி ஒன்று உண்டு: மேலே பெய்த மழை எந்த வழியாக இறங்கியது? அதைக் கணினியில் ஓட்டிப் பார்த்துச் சொல்வது இன்று ஒரு தொழில்.

தோட்டத்தில் வளர்ந்தவர்கள் இந்தத் துறைக்குப் பாதி தெரிந்துகொண்டே வருகிறார்கள். எந்தக் கான் அடைபட்டால் பாதை உடையும், எந்தப் பீலி ஆவணி வெயிலிலும் வற்றாது என்பது அவர்களுக்குத் தெரியும். மீதிப் பாதியைக் கற்கும் வழியைப் பார்ப்போம்.

கணக்கு இவ்வளவுதான்

நிலத்தைச் சம சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் உயரம் தருகிறோம். தண்ணீர் கட்டத்துக்குக் கட்டம் எப்படி நகர்கிறது என்று மென்பொருள் கணக்கிடுகிறது. 1984இல் ஒகல்லகன், மார்க் ஆகியோர் வெளியிட்ட ‘டி8’ முறைதான் இதில் எளியது: சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் எது அதிகச் சரிவோ, தண்ணீர் முழுவதும் அங்கே போகும்.

ஒரு கட்டம் 30 மீற்றர். நடுக்கட்டத்தின் உயரம் 1204 மீற்றர், கிழக்குக் கட்டம் 1201, தென்கிழக்குக் கட்டம் 1200. தண்ணீர் எங்கே போகும்? தாழ்ந்தது தென்கிழக்கு என்று சொல்லத் தோன்றும். ஆனால் மூலைக்குத் தூரம் 42.4 மீற்றர், 4 மீற்றர் இறக்கத்தை அதனால் வகுத்தால் சரிவு 0.094. கிழக்கே 3 மீற்றர் இறக்கத்தை 30ஆல் வகுத்தால் 0.100. ஆகவே தண்ணீர் கிழக்கே போகும். இதைத் தாளில் போட்டுப் பழகியவருக்கு, திரையில் வரும் நீல நிறக் கோடு ஏன் அங்கே வந்தது என்று விளங்கும்.

கையில் வேண்டியவை

பணம் கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருள் எதுவும் தொடக்கத்தில் தேவையில்லை. கியூஜிஐஎஸ், கிராஸ் ஜிஐஎஸ் இரண்டும் இலவசம். கிராஸில் உள்ள ‘ஆர்.வாட்டர்ஷெட்’ நீரேந்துப் பரப்பைப் பிரித்துத் தரும், ‘ஆர்.சிம்.வாட்டர்’ மழை, மண்ணில் ஊறும் அளவு, தரையின் கரடுமுரடு ஆகியவற்றை வாங்கிக்கொண்டு மேற்பரப்பில் ஓடும் நீரின் ஆழத்தைக் காட்டும். உயரத் தரவுக்கு 2000 பெப்ரவரியில் விண்ணோடம் அளந்த எஸ்ஆர்டிஎம் உண்டு. கொப்பர்னிக்கஸ் தரவும் உண்டு. இரண்டும் ஏறத்தாழ 30 மீற்றர் நுணுக்கத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

முதல் வேலைத்திட்டம்

1. பதுளு ஓயாவில் விழும் ஒரு சிற்றோடையைத் தேர்ந்தெடுங்கள். மாவட்டம் முழுவதையும் எடுக்க வேண்டாம்.

2. பாகையில் இருக்கும் தரவை மீற்றர் அளவுள்ள இலங்கைக் கட்ட முறைக்கு மாற்றுங்கள், குறியீட்டெண் 5235. மாற்றாமல் சரிவு கணக்கிட்டால் பல கருவிகளில் தேயிலை மலை முழுவதும் செங்குத்துப் பாறையாகத் தெரியும்.

3. நீரேந்துப் பரப்பைப் பிரித்து, ஓடைகளை வரையுங்கள்.

4. மழையை ஓட்டுங்கள். மணிக்கு 60 மில்லிமீற்றர் பெய்து 20 மில்லிமீற்றர் மண்ணில் ஊறினால் 40 மிஞ்சும். ஒரு ஹெக்டேயரில் அது மணிக்கு 4 இலட்சம் லீற்றர். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு வைத்திருக்கும் 24 மணி நேர அளவுகளான 75, 100, 150 மில்லிமீற்றருக்கும் ஓட்டிப் பாருங்கள்.

5. மழை விட்டு, எச்சரிக்கையும் நீங்கிய பிறகு மலைக்குப் போய்ப் பாருங்கள். சாய்ந்த புல், பாதையில் ஒதுங்கிய சரளை, மண் நிரம்பிய கான் ஆகியவற்றைக் கைபேசியில் இடக்குறிப்போடு படமெடுங்கள்.

ஐந்தாவதைச் செய்பவர்கள் குறைவு. உங்களுக்கு மதிப்பு சேர்வது அங்கேதான். 30 மீற்றர்க் கட்டத்துக்குள் கானும் தெரியாது, தோட்டப் பாதையும் தெரியாது, பாதைக்கு அடியில் போகும் போக்கும் தெரியாது. யூக்கலிப்டஸ் தோப்பின் உச்சியைத் தரை என்று உயரத் தரவு எடுத்துக்கொள்வதும் உண்டு. மலையை வெட்டிக் குறுக்கே போகும் ஒரு கான் ஓட்டத்தின் திசையையே மாற்றிவிடும். அதை உயரத் தரவில் நீங்கள்தான் செதுக்கிச் சேர்க்க வேண்டும்.

எல்லை தெரிந்து பேசுங்கள்

மேற்பரப்பு நீரோட்ட மாதிரி, மலை சரியுமா என்று சொல்லாது. மண்ணின் ஆழம், பாறை, நிலத்தடி நீர் அழுத்தம் ஆகியவை வேறு கணக்கு. உமா ஓயா நீர்மின் திட்டமே நல்ல பாடம். அதன் சுரங்கத்துக்குள் நீர் கசிந்து பண்டாரவளைப் பக்கத்துக் கிணறுகள் வற்றின, வீடுகளில் வெடிப்புகள் விழுந்தன. தரைக்கு மேல் ஓடும் நீரை மட்டும் கணக்கிடும் எந்த வரைபடமும் அந்தச் சேதத்தை முன்கூட்டிக் காட்டியிருக்காது. ஆகவே ஒரு லயத்தை ‘ஆபத்து’ என்று நீங்களாக அறிவிக்காதீர்கள். கண்டதைக் கிராம உத்தியோகத்தரிடமும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடமும் கொடுங்கள்.

வேலை எங்கே?

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தோடு நீர்ப்பாசனத் திணைக்களம், மகாவலி அதிகாரசபை, அனர்த்த முகாமைத்துவ நிலையம், நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை ஆகியவற்றையும் கவனியுங்கள். நிரந்தரப் பதவிக்குப் பெரும்பாலும் பட்டம் வேண்டும். புவியியல், பொறியியல், விவசாயம் மூன்றும் பொருந்தும். அதற்கு முன்பே கால் ஊன்ற, பொறியியல் ஆலோசனை நிறுவனங்களிலும் தொண்டு அமைப்புகளிலும் குறுகிய கால உதவியாளர் வேலைகளைத் தேடுங்கள்.

நேர்முகத்தில் ‘எந்த மென்பொருள் தெரியும்’ என்பதோடு கேள்வி நிற்காது. ‘இந்த வரைபடம் எங்கே பிழைக்கும்’ என்றும் கேட்பார்கள். கணினி காட்டிய ஓட்டத்தையும் மலையில் எடுத்த படத்தையும் அருகருகே வைத்து இரண்டு பக்க அறிக்கையாகக் கொண்டுபோங்கள். அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கட்டும். சிங்களத்தில் விளக்கவும் பழகுங்கள். லயத்தில் போய்த் தமிழில் விசாரிக்கத் தெரிந்தவர் குழுவில் இருந்தால், அதிகாரிகளின் வரைபடத்தில் இல்லாத பழைய கான்களும் பதிவாகும்.

தேயிலைத் தோட்டத்தின் தண்ணீரைப் பற்றிய முடிவுகள் நெடுங்காலமாக வேறு யாருடைய மேசையிலோதான் எடுக்கப்படுகின்றன. அந்த மேசையில் தோட்டத்துப் பிள்ளைகளும் உட்கார வேண்டும். உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் மாதங்கள் முதல் ஓடையை வரைந்து முடிக்கப் போதும். தொடங்குங்கள்.