பூட்டிவைத்த மிதிவண்டியை மீண்டும் எடுக்கலாமா?

இதய நோய்க்கோ நீரிழிவுக்கோ மூட்டு வலிக்கோ சிகிச்சை பெற்று வீடு திரும்பும் அன்பர்கள் பலர் எங்களிடம் தயக்கத்துடன் கேட்கும் வினா ஒன்று உண்டு: "இனி நான் சைக்கிள் ஓட்டலாமா?" கேட்பவர் நோயாளி. நாங்கள் வாய் திறப்பதற்கு முன்பே "வேண்டவே வேண்டாம்" என்று விடையளிப்பவர் பெரும்பாலும் உடன் வந்த மகனோ மகளோ ஆவார்.

கடைத்தெருவுக்கும் கோயிலுக்கும் பல்லாண்டுகளாக மிதிவண்டியிலேயே சென்றுவந்த பெரியவர் ஒருவருக்கு இதயக் குழாய் அடைப்பு நீக்கப்பட்டு ஸ்டென்ட் பொருத்தப்பட்டது. அவர் வீடு திரும்பிய அன்றே பிள்ளைகள் வண்டியைப் பூட்டிச் சாவியை ஒளித்துவிட்டனர். சில மாதங்கள் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தபோது அவருடைய எடை கூடியிருந்தது. சர்க்கரை அளவும் ஏறியிருந்தது. முகத்தில் பழைய களை இல்லை. சாவியை ஒளித்தது அன்புதான் என்பதில் ஐயமில்லை. ஆனால் எப்பொழுது தொடங்கலாம், எவ்வளவு ஓட்டலாம் என்பதை வீட்டுக்கு அனுப்பும் நாளிலேயே நாங்கள் தெளிவாகச் சொல்லியிருந்தால், அந்த அச்சத்துக்கு இடமே இருந்திராது. அன்று சொல்லத் தவறியதை இக்கட்டுரையில் எல்லோருக்குமாகச் சொல்ல விழைகிறோம்.

மிதிவண்டியால் விளையும் நன்மை

பெரியவர்கள் வாரத்தில் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நாளொன்றுக்கு 30 நிமிடங்கள் வீதம் வாரத்தில் 5 நாட்கள் மிதிவண்டி ஓட்டினால் இந்த அளவு நிறைவேறிவிடும். தொடைத் தசைகள் வலுப்பெறும். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் வர அது துணைபுரியும். உடலின் எடையை இருக்கை தாங்கிக்கொள்வதால், முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் நடப்பதைவிட எளிதாக மிதிவண்டி ஓட்டுவதைக் காண்கிறோம். ஆயினும், எலும்பு உறுதிபெற அதன்மீது எடை விழ வேண்டும். ஆகையால் சிறிது நடையும் உடன் வேண்டும்.

காத்திருக்க வேண்டியவர்கள்

நெஞ்சைத் திறந்து இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு மார்பெலும்பு உறுதியாகக் கூடுவதற்கு ஏறத்தாழ 2 முதல் 3 மாதங்கள் ஆகும். அதுவரை கைப்பிடியை அழுத்திப் பிடிப்பதும், மேடு பள்ளத்தில் குலுங்குவதும், கீழே விழுவதும் ஆபத்தானவை. ஓய்வாக இருக்கும்போதே இரத்த அழுத்தம் 180/110 அளவை எட்டுபவர்கள், அது குறையும் வரை மருத்துவரைக் கேளாமல் ஓட்டலாகாது. தலைச்சுற்றல், வலிப்பு, நீரிழிவால் விழித்திரைப் பாதிப்பு ஆகியவை உள்ளவர்களும் மருத்துவரின் இசைவைப் பெற வேண்டும். சாலையில் ஓட்ட இயலாதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. நிலையாக நிற்கும் உடற்பயிற்சி சைக்கிளும் பயன் தரும்.

வண்டியைச் சீர்செய்தல்

நெடுநாள் நின்ற வண்டியை எடுத்தவுடன் ஓட்ட வேண்டாம். சைக்கிள் கடையில் கொடுத்து பிரேக் கட்டை, பிரேக் கம்பி, செயின் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். டயருக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்பது அதன் பக்கவாட்டில் அச்சிடப்பட்டிருக்கும். காற்றுக் குறைந்த வண்டியை மிதிப்பது இதயத்துக்கும் முழங்காலுக்கும் வீண் சுமை.

இருக்கையின் உயரமே முழங்காலின் நலத்தைத் தீர்மானிக்கிறது. இருக்கையில் அமர்ந்து, பெடல் மிகக் கீழே இருக்கும் நிலையில் அதன்மீது குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்கும். அதுவே சரியான உயரம். இருக்கை தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்புறம் வலிக்கும். மிக உயர்ந்திருந்தால் இடுப்பு இருபுறமும் ஆடும். முழங்காலின் பின்புறம் வலிக்கும். புதிதாகத் தொடங்கும் முதியவர்களும் நடை தளர்ந்தவர்களும் இரு கால்களும் தரையில் ஊன்றும் அளவுக்கு முதலில் இருக்கையைத் தாழ்த்தி, துணிவு வந்தபின் உயர்த்திக்கொள்ளலாம்.

வேட்டி, சேலை, துப்பட்டா ஆகியவை செயினிலும் சக்கரத்திலும் சிக்குவதால் நேரும் விபத்துகள் கொடியவை. செயின் மூடி இல்லாத வண்டியை ஓட்ட வேண்டாம். நீரிழிவால் பாதங்களில் உணர்ச்சி குறைந்தவர்கள் செருப்பைத் தவிர்த்து மூடிய காலணி அணிந்து, வீடு திரும்பியதும் பாதங்களைப் பார்வையிட வேண்டும்.

எவ்வளவு, எவ்வாறு

முதல் வாரத்தில் சமதளத்தில் 10 நிமிடங்கள் போதும். தொல்லை ஏதுமில்லையெனில் வாரந்தோறும் 5 நிமிடங்கள் கூட்டலாம். முதல் 5 நிமிடங்களும் கடைசி 5 நிமிடங்களும் மெல்ல மிதியுங்கள். திடீரென நிறுத்தினால் மயக்கம் வரக்கூடும். அளவை அறிய எளிய வழி ஒன்று உண்டு: ஓட்டும்போது பேச இயல வேண்டும், பாட இயலக் கூடாது. பேசவே மூச்சு வாங்கினால் வேகம் மிகுதி என்று பொருள். இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து உட்கொள்பவர்களுக்கு நாடித்துடிப்பு அதிகம் உயராது. ஆகவே அவர்கள் நாடியை நம்பாமல் இந்தப் பேச்சுச் சோதனையையே நம்ப வேண்டும்.

மேட்டில் ஏறும்போது மூச்சை அடக்கிக்கொண்டு மிதிக்கலாகாது. இறங்கித் தள்ளிக்கொண்டு செல்வதில் இழுக்கு ஒன்றுமில்லை.

நீரிழிவு உள்ளவர்களுக்கு

இன்சுலின் செலுத்துபவர்களுக்கும் சில வகை நீரிழிவு மாத்திரைகளை உட்கொள்பவர்களுக்கும் வெறும் வயிற்றில் ஓட்டுவது ஆபத்து. தங்கள் மருந்து அத்தகையதா என்பதை மருத்துவரிடம் கேட்டறியுங்கள். அத்தகையதாயின் புறப்படும் முன் சர்க்கரையைப் பாருங்கள். 90 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தால் சிற்றுண்டி உட்கொண்டபின் செல்லுங்கள். தொடையில் இன்சுலின் செலுத்தியவுடன் மிதித்தால் மருந்து விரைந்து உடலில் கலந்துவிடும். அன்று வயிற்றுப் பகுதியில் செலுத்துவது நலம்.

வழியில் கை நடுக்கம், வியர்வை, கண் மங்கல் தோன்றினால் உடனே இறங்கி அமருங்கள். 15 கிராம் சர்க்கரை, அதாவது ஏறத்தாழ 3 தேக்கரண்டி, அல்லது அதே அளவு குளுக்கோஸ் தூளை உட்கொள்ளுங்கள். 15 நிமிடங்கள் கழித்தும் தெளியாவிடில் மீண்டும் ஒருமுறை உட்கொள்ளுங்கள். பிஸ்கட்டும் சாக்லேட்டும் இதற்கு உதவா. அவற்றிலுள்ள கொழுப்பு சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். நெடுநேரம் ஓட்டிய நாளின் இரவிலும் சர்க்கரை தாழக்கூடும் என்பதை வீட்டார் நினைவில் கொள்ள வேண்டும்.

சாலையில்

இடப்புறமாகவே செல்லுங்கள், ஆனால் நிறுத்தியிருக்கும் கார்களை ஒட்டிச் செல்ல வேண்டாம், கதவு திடீரெனத் திறக்கக்கூடும். திரும்புமுன் பின்னால் பார்த்துக் கையால் சைகை காட்டுங்கள். இரு பிரேக்குகளையும் சேர்த்தே பிடியுங்கள். விடியலிலும் மாலை மங்கும்போதும் முன்னே வெண்விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் எரியட்டும். வெளிர்நிற உடை அணியுங்கள்.

தலைக்கவசம் அணியுங்கள். அது புருவத்துக்கு இரு விரல் மேலே, நெற்றியை மறைத்து அமர வேண்டும். இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து உட்கொள்பவர்கள் தலையில் அடிபட்டால், வெளிக்காயம் இல்லாவிடினும் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். உள்ளே கசியும் இரத்தம் வெளியே தெரியாது.

உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

நெஞ்சில் அழுத்தம் அல்லது எரிச்சல், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, காரணமற்ற வியர்வை, மயக்கம், ஒழுங்கற்ற படபடப்பு, அளவுக்கு மீறிய மூச்சிரைப்பு ஆகியவற்றுள் எது தோன்றினாலும் இறங்கி அமர்ந்து 108-ஐ அழையுங்கள். "வீடு அருகில்தானே" என்று மிதித்துச் செல்வது கூடாது.

உடனிருப்போருக்கு

தடுப்பதைவிடத் துணைசெல்வது மேல். முதல் சில வாரங்கள் உடன் செல்லுங்கள். அவர்களுடைய சட்டைப்பையில் பெயர், நோய், உட்கொள்ளும் மருந்துகள், தங்கள் தொலைபேசி எண் எழுதிய சீட்டும், ஒரு சிறு பொட்டலம் சர்க்கரையும் இருக்கட்டும். செல்லும் வழியும் திரும்பும் நேரமும் வீட்டில் தெரிந்திருக்கட்டும்.

முன்னர் குறிப்பிட்ட பெரியவர், எங்கள் இயன்முறை மருத்துவப் பிரிவில் உடற்பயிற்சி சைக்கிளில் சில வாரங்கள் பயின்றபின் தம் வண்டியை எடுத்தார். தொடக்க நாட்களில் மகன் மற்றொரு மிதிவண்டியில் உடன் சென்றார். இப்பொழுது இருவரும் நாள்தோறும் காலையில் செல்கின்றனர். தந்தையுடன் பேசுவதற்கு இதைவிட நல்ல நேரம் தமக்கு வாய்த்ததில்லை என்று மகன் எங்களிடம் கூறினார்.

அடுத்த முறை மருத்துவரைக் காண வரும்போது "ஓட்டலாமா?" என்பதோடு நிறுத்திவிடாமல், "எப்பொழுது தொடங்கலாம், எவ்வளவு நேரம் ஓட்டலாம், எதைக் கண்டால் நிறுத்த வேண்டும்?" என்ற மூன்றையும் கேளுங்கள். விடைகளை எழுதி வாங்கிச் செல்லுங்கள். சாவியை ஒளித்துவைக்கத் தேவையிராது.