கல்லறைக்கு எதிரே ஒரு ஸ்கோர்போர்டு

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படிக்கிறாள். அங்கே ஒரு நாயை மாணவர்கள் ‘மேடம்’ என்று கூப்பிடுகிறார்களாம்! விளையாட்டு அணிக்கு இப்படியொரு மாஸ்காட் எதற்கு? இந்தப் பழக்கம் எப்போது வந்தது?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: மகள் சொன்னது நிஜம்தான். அந்த நாயின் பெயர் ரெவெலி. 1931-இல் ராணுவப் பயிற்சி மாணவர்கள் சிலர் காரில் திரும்பும்போது ஒரு தெருநாய் அடிபட்டதாம். விட்டுவிட்டு வர மனமில்லாமல் விடுதிக்குத் தூக்கி வந்திருக்கிறார்கள். விடிந்ததும் துயிலெழுப்பும் எக்காளம் ஊத, நாய் குரைத்தது. அந்த எக்காள ஒலியின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். அங்கே வழிவழியாகச் சொல்லிவரும் கதை இது.

இன்று அந்தப் பெயரைத் தாங்குவது கோலி இன நாய். பதவியைக் காட்ட மாணவர் படைத் தலைவருக்கே நான்கு வைரச் சின்னம்தான், ரெவெலிக்கு ஐந்து; அதனால்தான் ‘மேடம்’. இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் அதை வகுப்புக்கும் கூட்டிப்போகிறார்.

மாஸ்காட் வைக்கும் பழக்கம் ரெவெலியைவிடப் பழையது. 1880-இல் பாரிஸில் அரங்கேறிய ‘லா மாஸ்கோட்’ என்ற இசை நாடகம், அதிர்ஷ்டம் கொண்டுவரும் ஒரு பெண்ணின் கதை. மாஸ்காட் என்ற சொல் பரவியது அதனால்தான். 1889-இல் யேல் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் வாங்கிய புல்டாக், ‘ஹேண்ட்சம் டேன்’ என்ற பெயரில் ஆட்டங்களுக்கு முன் மைதானத்தில் வலம் வந்தது. அமெரிக்கக் கல்லூரிகளின் முதல் உயிருள்ள மாஸ்காட்டாக அதைத்தான் சொல்கிறார்கள்.

எதற்கு என்று கேட்டீர்கள். ஆட்டக்காரர்கள் நான்கைந்து வருடத்தில் படிப்பு முடிந்து போய்விடுவார்கள், பயிற்சியாளரும் மாறுவார். முப்பது வருடம் கழித்து வரும் பழைய மாணவருக்கு அங்கே தெரிந்த முகம் வேண்டாமா? அதற்குத்தான் ரெவெலி.

ஆனால் ஒரு மக்கள் இனத்தை மாஸ்காட் ஆக்குவது எனக்குச் சம்மதமில்லை. அமெரிக்கப் பூர்வகுடி மாணவர்களின் எதிர்ப்பால் ஸ்டான்ஃபோர்டு 1972-இல் தன் ‘இந்தியன்’ சின்னத்தைக் கைவிட்டது. இறகுத் தலையணி அணிந்து ஆடும் ‘சீஃப் இல்லினிவெக்’ வேடத்தை நிறுத்த இல்லினாய் பல்கலைக்கழகத்துக்கு 2007 வரை ஆனது. ஒருவருடைய தெய்வ காரியத்துக்குரிய உடையை ஆட்ட இடைவேளையில் இன்னொருவர் மாட்டிக்கொண்டு ஆடினால் எப்படி வலிக்கும்!

மகளை ஒருநாள் கைல் ஃபீல்டு மைதானத்தின் வடக்குப் பக்கம் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். இறந்த ரெவெலிகளின் கல்லறைகள் அங்கே இருக்கின்றன. அரங்கத்தைப் பெரிதாக்கியபோது உள்ளே இருக்கும் ஸ்கோர்போர்டு அந்த இடத்துக்குத் தெரியாமல் மறைந்துபோனது. அதற்காக வெளியே, கல்லறைகள் பார்த்திருக்கும் திசையில், சின்னதாக இன்னொரு ஸ்கோர்போர்டு வைத்திருக்கிறார்கள்.